கலிலியோவின் அறையில் ஒரு கேமரா

தேனி மாவட்டத்தில் நாளிதழைப் பிரித்ததும் கண் முதலில் தேடும் எண் ஒன்று உண்டு. பெரியாறு அணையின் நீர்மட்டம். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அந்த எண்ணின் மீதான கவனம் இன்னும் கூடிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக வயல்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. முதல் போகத்துக்கு எப்போது நாற்றுப் பாவலாம் என்பதை விவசாயி அதை வைத்தே கணக்குப் போடுகிறார்.

தேக்கடிப் படகில் ஏறிப் படமெடுக்கப் போகிறவரும் கிளம்பும் முன் அதே எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. வயலுக்கு வரும் தண்ணீரும் படகு மிதக்கும் தண்ணீரும் ஒன்றுதான். மட்டம் ஏறியிருந்தால் கரையோரப் புல்வெளிகள் முழுகி, தண்ணீர் நேராகக் காட்டின் அடிவரிசை மரங்களைத் தொட்டு நிற்கும். யானை நின்றாலும் நிழலுக்குள் நிற்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது கரை அகலமாகத் திறந்துகொள்கிறது. ஈரமண்ணில் புதுப்புல் முளைக்கிறது. காட்டுமாடும் மிளாவும் காட்டுப்பன்றியும் வெட்டவெளிக்கு வருகின்றன. ஏரிக்குள் நிற்கும் பட்டமரங்களும் அப்போது கூடுதல் உயரமாகத் தெரியும்.

அந்தப் பட்டமரங்கள் 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் தண்ணீர் தேங்கியபோது முழுகிய காட்டின் மிச்சம். 130 ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் நிற்கும் மரம் ஏன் இற்றுப்போகவில்லை? மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு ஈரத்தோடு ஆக்சிஜனும் வேண்டும். நீருக்கடியில் ஈரம் ஏராளம், ஆக்சிஜன் சொற்பம். அதனால் முழுகிய பாகம் நீண்ட காலம் தாங்குகிறது. ஏறி இறங்கும் நீர்மட்டத்தில் நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடக்கும் இடம்தான் முதலில் அரிக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பல மரங்கள் அந்த இடத்தில் இடுப்பொடுங்கி நிற்பதைக் காணலாம். நுனியில் நீர்க்காகமோ பாம்புத்தாராவோ இறக்கை விரித்து உட்கார்ந்திருக்கும். பாம்புத்தாராவின் இறகு தண்ணீரை உறிஞ்சும். மூழ்கி மீன் பிடிக்க அது வசதி. ஆனால் கரையேறியதும் வெயிலில் உலர்த்தியாக வேண்டும். கிட்டத்தட்ட அசையாமல் அது நமக்காக நிற்கிறது. அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் கலங்கியிருக்கிறது. ஏன்?

1632-ல் கலிலியோ வெளியிட்ட உரையாடல் நூலில் ஒரு கப்பல் வருகிறது. கப்பலின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. ஜன்னல் இல்லை. உள்ளே பறக்கும் பூச்சிகள், தொட்டியில் மீன்கள், மேலே தொங்கும் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர். கப்பல் நின்றாலும் சரி, ஒரே சீராக ஓடினாலும் சரி, அறைக்குள் எதுவும் மாறுவதில்லை. சொட்டு நேர் கீழேதான் விழும். பூச்சி எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரி பறக்கும். வேகம் மாறாமல் நேர்கோட்டில் போகும் ஒரு பொருளுக்குள் இருந்துகொண்டே, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க எந்தச் சோதனையாலும் முடியாது. இயற்பியலின் அடித்தளக் கற்களில் ஒன்று இது.

உங்கள் கைபேசிக்குள்ளும் கேமராவுக்குள்ளும் இருக்கும் உணரிகள் அந்த ஜன்னலில்லாத அறையில்தான் வாழ்கின்றன. ஜைரோ உணரி சுழற்சியை அளக்கும். முடுக்க உணரி வேகம் மாறுவதை அளக்கும். கை நடுங்கினால் அவை அறிந்து சொல்ல, லென்ஸோ சென்சாரோ எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். ஸ்டெபிலைசேஷன் என்று விளம்பரத்தில் சொல்வது இதைத்தான். ஆனால் படகு சீரான வேகத்தில் ஏரியைக் கடக்கிறது என்பது இந்த உணரிகளுக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை அவற்றால் திருத்தவும் முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவாக இருந்தாலும் இதுதான் நிலை. தயாரிப்பில் விட்ட குறை அல்ல, இயற்கையின் விதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகின் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2.8 மீட்டர். பட்டமரம் 50 மீட்டர் தள்ளி நிற்கிறது. 36 மில்லிமீட்டர் அகல சென்சார், குறுக்கே 6,000 பிக்சல். 300 மில்லிமீட்டர் லென்ஸ். அந்தத் தூரத்தில் ஒரு பிக்சலுக்குள் அடங்குவது சரியாக 1 மில்லிமீட்டர். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் படகு 4.6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 46 பிக்சலுக்கு இழுபட்ட கோடு. பறவையின் கண் எங்கே என்று தேட வேண்டியதுதான். 1/1000 நொடிக்கு ஷட்டரை வேகப்படுத்தினால் இழுப்பு 3 பிக்சலுக்குள் வந்துவிடும். மரத்தைக் கேமராவாலேயே தொடர்ந்து திருப்பிக்கொண்டு போய் எடுப்பது இன்னொரு வழி. அப்போது மரம் தெளியும், பின்னாலுள்ள காடு கோடுகளாக ஓடும். அதுவும் அழகுதான்.

இதே படகிலிருந்து 500 மீட்டர் தள்ளி நிற்கும் யானையை எடுங்கள். அங்கே ஒரு பிக்சல் 10 மில்லிமீட்டர். அதே 1/1000 நொடியில் இழுப்பு ஒரு பிக்சலில் கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். படகின் ஓட்டம் தூரத்துப் பொருளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

பின் தூரத்து யானை ஏன் கலங்குகிறது? ஓட்டத்தால் அல்ல, ஆட்டத்தால். படகு நொடிக்கு ஒரே ஒரு பாகை சாய்கிறது என்றால் அதை நம் உடம்பு கவனிக்கக்கூடச் செய்யாது. ஆனால் 1/60 நொடியில் அந்தச் சாய்வு 300 மில்லிமீட்டர் லென்ஸில் 14 பிக்சல் நகர்வாகிவிடும். 50 மீட்டரில் நிற்கும் மரத்துக்கும் அதே 14, 500 மீட்டரில் நிற்கும் யானைக்கும் அதே 14, மலைமுகட்டுக்கும் அதே 14. ஓட்டத்தின் கேடு தூரம் கூடக் கூடக் குறைகிறது. சுழற்சியின் கேடு தூரத்தைப் பார்ப்பதில்லை. அருகிலுள்ளதற்கு ஷட்டர் வேகம், தூரத்திலுள்ளதற்கு நடுக்கம் தணிக்கும் அமைப்பு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். சுழற்சியை ஜைரோ அறியும் என்பதால் அங்கே கேமரா நமக்குத் துணை நிற்கும்.

நாமும் ஒன்று செய்யலாம். ஊஞ்சல் ஒரு பக்கத்தின் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அதற்கு வேகமே இருக்காது. படகின் ஆட்டமும் அப்படித்தான். நடுவில் கடக்கும்போதுதான் சுழற்சி அதிகம். இரு முனைகளிலும் ஒரு கணம் பூஜ்யம். சில நிமிடம் படமெடுக்காமல் உட்கார்ந்து அந்தத் தாளத்தை உடம்பில் வாங்கிக்கொண்டு, சாய்வு திரும்பும் கணத்தில் விசையை அழுத்திப் பாருங்கள். பழகிய கை இதை யோசிக்காமலே செய்யும்.

மூன்றாவதாக இன்ஜினின் அதிர்வு. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினில் நொடிக்கு 50 வெடிப்புகள். அந்தத் துடிப்பு இரும்புக் கம்பி வழியாகக் கைப்பிடிக்கு வரும். முழங்கையைக் கம்பியில் ஊன்றினால் நிலையாக இருக்கும் என்று தோன்றும். ஊன்றினால் இன்ஜினோடு கேமராவைக் கோர்த்துவிட்டதாகவே அர்த்தம். முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். சதையும் மூட்டும் அந்த வேகமான துடிப்பை விழுங்கிவிடும். மோட்டார் சைக்கிள் போன்ற இன்ஜின்களின் பலத்த அதிர்வு கேமராவின் நடுக்கம் தணிக்கும் பாகங்களைக் காலப்போக்கில் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. கைபேசியைக் கம்பியில் மாட்டிவிட்டு வீடியோ எடுப்பவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம்.

படம் தெளிவாக வந்தும் ஏரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறதா? இதிலும் உணரி ஏமாறும் இடம் உண்டு. கேமராத் திரையில் வரும் மட்டக்கோடு முடுக்க உணரி சொல்வதைக் கேட்டு வரையப்படுவது. ஈர்ப்பையும் முடுக்கத்தையும் அறைக்குள்ளிருந்து பிரித்தறிய முடியாது என்பது 1907-ல் ஐன்ஸ்டைனுக்கு உதித்த எண்ணம். பொதுச் சார்பியலுக்கே வாசலாக அமைந்த எண்ணம் அது. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் படகு 20 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், உணரிக்குக் 'கீழ்' என்பதே இரண்டரைப் பாகை சாய்ந்துவிடும். திரை மட்டம் என்று பச்சை காட்டும், படமோ சரிந்திருக்கும். கடலில் தொடுவானம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு சரிசெய்யலாம். ஏரியில் தொடுவானம் இல்லை. கரைக்கோட்டை மட்டம் என்று நம்பினால் மோசம் போவோம். கரை நம்மை விட்டு விலகி ஓடும் பக்கத்தில் அது படத்தில் மேலேறும், நெருங்கி வரும் பக்கத்தில் கீழிறங்கும்.

நம்பத்தக்க தூக்குக்குண்டு ஒன்றை ஏரியே தருகிறது. அலையில்லாத காலையில் ஒரு பட்டமரத்தின் நுனியையும் தண்ணீரில் தெரியும் அதன் பிம்பத்தின் நுனியையும் பாருங்கள். மரம் எவ்வளவு கோணலாக நின்றாலும் சரி, அந்த இரு நுனிகளையும் இணைக்கும் கோடு செங்குத்தாகத்தான் இருக்கும். தண்ணீர்ப் பரப்பு மட்டம். அந்தக் கண்ணாடியில் விழும் பிம்பம் பொருளுக்கு நேர் கீழே. கேமராவை அண்ணாந்தோ குனிந்தோ பிடிக்காமல் நேராகப் பிடித்திருந்தால் படத்திலும் அந்தக் கோடு செங்குத்தாக வர வேண்டும். வராவிட்டால், வரும் வரை படத்தைத் திருப்புங்கள்.

தண்ணீர் கண்ணாடியாவதற்கும் ஒரு கோணக் கணக்கு இருக்கிறது. நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 பாகை குனிந்து பார்த்தால், அங்கிருந்து பிரதிபலித்து வரும் ஒளி முழுக்க ஒரே தளத்தில் அதிரும். போலரைசர் வடிகட்டியைச் சரியாகத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடியோடு மறைந்து, நீருக்கடியில் இருப்பது தெரியும். கோணத்தை வீட்டுக் கணக்கிலேயே பிடித்துவிடலாம்: கண் 3 மடங்கு உயரத்தில் இருந்தால், இடம் 4 மடங்கு தள்ளி. படகின் மேல்தளத்தில் கண் நீருக்கு மேல் 4 மீட்டர் என்றால், வடிகட்டியின் முழுப் பலன் ஐந்தேகால் மீட்டர் தள்ளியுள்ள தண்ணீரில் மட்டும்தான். அதைத் தாண்டத் தாண்டப் பலன் குறையும். தூரத்து நீர், நாம் அதைப் பரப்போடு ஒட்டிய சாய்வில் பார்ப்பதால், வானத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியபோது, தமிழ்நாட்டுக் குடும்பங்களின் விடுமுறை ஆல்பத்தில் கடலும் சேர்ந்தது. அத்தகைய கப்பலில் 30 மீட்டர் உயரத் தளத்தில் நின்றால் வடிகட்டி முழுப் பலன் தரும் இடம் 40 மீட்டர் தள்ளிப் போய்விடும். கப்பல் படகைவிடப் பல மடங்கு வேகமாக ஓடினாலும், படமாகும் கரை கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருப்பதால் ஓட்டத்தின் இழுப்பு அங்கே ஒன்றுமேயில்லை. கப்பல் பயணிக்கு எதிரி இடையில் கிடக்கும் காற்று. தேக்கடியில் முதல் படகில் ஏறுபவருக்கும் அதே எதிரிதான், பனிமூட்டம் என்ற உருவில்.

குளிர்ந்த விடியலில் ஏரி நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்து எழும் ஆவி குளிர்காற்றில் பட்டு நுண்துளிகளாகிப் பரப்பின் மேல் தவழும். பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும். படத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கும். இதற்கு இரண்டு காரணங்கள். கேமராவின் ஒளியளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். அதனால் வெள்ளைப் பனியை இருட்டாக்கும். கைபேசித் திரையைத் தொட்டுச் சூரியக் குறியை மேலே இழுத்தால் சரியாகிவிடும். மற்றொரு காரணத்துக்கு அவ்வளவு எளிய மருந்து கிடையாது. மூட்டம் ஒளியைக் கழித்தல் கணக்கில் குறைப்பதில்லை, வகுத்தல் கணக்கில் குறைக்கிறது. முதல் 100 மீட்டர் பாதியை விழுங்கினால், 200 மீட்டரில் கால் பங்கு மிஞ்சும், 300 மீட்டரில் அரைக்கால். எவ்வளவு ஜூம் செய்தாலும் தொலைந்த ஒளி திரும்பாது. பனிக்காலையில் தூரத்து யானையை விட்டுவிட்டு, அருகிலிருக்கும் பட்டமரத்தை எடுங்கள். மூட்டம் பின்னணியைத் துடைத்து, மரத்தைத் தனியாக நிறுத்திக் கொடுக்கும்.

இந்த வகுத்தல் விதியை 1729-ல் முதலில் சொன்னவர் பியர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர். இதே மனிதர் 1746-ல் கப்பல்களைப் பற்றியும் ஒரு பெரிய நூல் எழுதினார். மிதக்கும் கலம் எப்போது நிமிரும், எப்போது கவிழும் என்பதற்கான அளவுகோல் அதில்தான் பிறந்தது. மெட்டாசென்டர் என்று இன்றும் கப்பல் பொறியாளர்கள் அழைக்கும் புள்ளி அது. படகு சற்றே சாயும்போது நீரின் மேல்நோக்கிய உந்துதல், படகின் நடுக்கோட்டை வெட்டும் இடம். படகின் எடைமையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும் வரை படகு நிமிரும். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு பிடிவாதமாக நிமிரும். ஆட்கள் மேல்தளத்துக்கு ஏறினால் எடைமையமும் ஏறும். இடைவெளி சுருங்கும்.

2009 செப்டம்பர் 30 அன்று மாலை தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகத் திரண்டதும், படகில் ஆட்கள் அதிகம் ஏறியிருந்ததும், படகின் அமைப்பிலேயே இருந்த குறைகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மாலையை மறக்காதவர்கள் பலர். பயணிகளின் மேல் பழி போட இதை எழுதவில்லை. பார்க்கக் கூட்டிப்போகும் படகில், பார்க்க எழுந்தவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பயணிகள் எழுந்தாலும் தாங்கும்படி கட்டுவதும், அளவோடு ஏற்றுவதும் படகை ஓட்டுபவர்களின் பொறுப்பு. ஆனால் அந்தச் சாய்வின் கணக்கு, கையில் கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏதோ ஒரு படகை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து 20 டன். ஆளுக்கு 60 கிலோ வீதம் 40 பேர், அதாவது 2.4 டன், 2 மீட்டர் தள்ளி ஒரு பக்கம் நகர்கிறார்கள். மொத்த எடைமையம் 24 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். எடைமையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடைவெளி 1 மீட்டர் இருந்தால் படகு தோராயமாக 13 பாகை சாயும். பயம் வரும், படகு தாங்கும். அதே ஆட்கள், அதே நகர்வு. ஆனால் கூட்டம் மேல்தளத்தில் கூடி இடைவெளி அரை மீட்டராகச் சுருங்கியிருந்தால் சாய்வு 25 பாகையைத் தாண்டும். அந்தச் சாய்வில் நின்றிருப்பவர் நிற்க முடியாது, சரிந்து தாழ்ந்த பக்கமே விழுவார். அவர் எடையும் அங்கே சேரும். சாய்வு சாய்வை வளர்க்கும். தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதுவும் தாழ்ந்த பக்கமே ஓடும். எல்லாம் சில நொடிகளில்.

இப்போது தேக்கடியில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டச் சொல்கிறார்கள். இருக்கையை விட்டு எழாதீர்கள் என்று ஊழியர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் யாரோ "யானை!" என்று கூவும்போது உட்கார்ந்தே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் அறிவேன். அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ள வேண்டிய வடிவியல் ஒன்று உண்டு. இந்தப் படகு ஒரு துறையிலிருந்து மறு துறைக்குப் போவதில்லை. ஏரியின் கிளை ஒன்றில் போய், திரும்பி, அதே துறைக்கு வருகிறது. போகும்போது எதிர்ப்பக்கத்தாருக்குக் கிடைத்த கரை, திரும்பும்போது நம் பக்கத்துக்கு வந்துவிடும். யானைக் கூட்டம் ஒரு புல்சரிவில் மேயத் தொடங்கினால் அவசரமாகக் கிளம்பாது.

வெயிலும் இடம் மாறும். போகையில் நம் கண்ணுக்கு நேரே சூரியன் இருந்து கரை முழுதும் கரிய நிழலுருவாகத் தெரிந்தால், திரும்புகையில் சூரியன் நம் முதுகுப் பக்கம் வந்துவிடும். எதிர்க்கரையின் புல்லிலும் யானையின் நெற்றி மேடுகளிலும் அதன் ஒளி நேராக விழும். 1/1000 நொடிக்கு வேண்டிய வெளிச்சம் அப்போது தாராளமாகக் கிடைக்கும். போகும் பாதியில் ஏரியின் தாளத்தைப் படித்து, ஷட்டர் வேகத்தைச் சரிசெய்துகொண்டு, எதிர்ப்பக்கத்தில் எந்த வளைவில் எது நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். படகு திரும்பியதும் கேமராவை எடுங்கள்.